வேடிக்கை பார்க்க வந்தவங்க மனை விலை ஏன் கேக்குறீங்க?

பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை தங்கச்சி பையன் காரோட வந்து நின்னான். இங்க சிறுசேரி சிப்காட்டுலதான் வேலை. கூட மூணு சிநேகிதப் பசங்க. "மாமா, வேடந்தாங்கல் போறோம், நீங்களும் வாங்க. வழியில கிராமமெல்லாம் பார்த்துட்டு வரலாம்"னான். கிராமத்தைப் பார்க்க என்னையே கூப்பிடுறான் பாருங்க! சிரிச்சுக்கிட்டே ஏறினேன்.

திருப்போரூர், செங்கல்பட்டு, படாளம்னு போனோம். பச்சை தெரிஞ்ச இடத்துல எல்லாம் வண்டி நின்னுச்சு. ஒரு இடத்துல கதிர் முத்தி அறுப்புக்கு நிக்கிற சம்பா. அதுக்குள்ளயே இறங்கி போட்டோ எடுக்கிறாங்க. மிதிச்சா மணி கொட்டிப் போகும்டா, வரப்புல நில்லுங்கடான்னு கத்தினேன். "இது நாத்தா அங்கிள்?"னு ஒருத்தன் கேட்டான். தெரியாதது தப்பில்ல, அதுக்குக் கோபம் வரல. கிளம்பும்போது காலி பாட்டிலை வாய்க்கால்ல விட்டெறிஞ்சான் பாருங்க, அதுக்குத்தான் வந்துச்சு. போன வருஷம் யாரோ போட்ட பீர் பாட்டில் என் வயல்ல உடைஞ்சு கிடந்து, களையெடுக்க வந்த அம்மாவோட காலைக் கிழிச்சிடுச்சு. ஏழு தையல். பத்து நாள் கூலி போச்சு.

வேடந்தாங்கல்ல கோபுரம் ஏறிப் பார்த்தா கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரைன்னு மரமே தெரியல. பசங்க வாயடைச்சு நின்னாங்க. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா அது மிருகக்காட்சி சாலை இல்லீங்க, பாசன ஏரி. பறவை எச்சம் கலந்த அந்தத் தண்ணி வயலுக்கு உரம். அதனாலதான் அந்த ஊர் ஜனங்க தலைமுறை தலைமுறையா பறவையைக் காப்பாத்துறாங்க. வெள்ளைக்காரன் சுட்டப்போ முறையிட்டு, 1798-லயே செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட பாதுகாப்பு உத்தரவு வாங்கினாங்க. தீபாவளிக்கு அங்க பட்டாசு வெடிக்க மாட்டாங்க. நீங்க ரசிக்கிற காட்சிக்கு அந்த ஊர்ப் பிள்ளைங்க வருஷா வருஷம் தர்ற விலை அது.

ஏரி எழுபது ஏக்கர் சொச்சம்தான். அத்தனை பறவையும் அதுக்குள்ளயே வயிறு நிரப்பிக்க முடியுமா? சுத்துப்பட்டு ஏரி, வயல்ல மேஞ்சுட்டுத்தான் கூட்டுக்குத் திரும்புது. அதனாலதான் சரணாலய எல்லையை ஏரியிலிருந்து 5 கிலோமீட்டர்னு வச்சிருக்காங்க. 2020-ல அதை 3 ஆக்கலாம்னு பேச்சு வந்தப்போ சண்டை நடந்ததும் இதுக்குத்தான். வயல் போனா நத்தை போச்சு, நத்தை போனா நாரை எங்க வரும்?

இதையெல்லாம் திரும்பி வரும்போது சொல்லிக்கிட்டே வந்தேன். பசங்க தலையாட்டினாங்க. திருப்போரூர் தாண்டினதும் ரோட்டோரம் கல்லு நட்டு, கலர் கொடி கட்டின மனைங்க வரிசையா வந்துச்சு. நாலு வருஷம் முன்னால அங்க நெல்லு நின்னதை நான் பார்த்திருக்கேன். பாட்டில் போட்ட பையன் கண்ணாடியை இறக்கினான். "அங்கிள், அமைதியா இருக்குல்ல? இங்க ஒரு கிரவுண்டு என்ன போகும்?"

அமைதியா இருக்குன்னு வாங்குறீங்க, சரி. வாங்கி நாலு பக்கமும் காம்பவுண்டு எழுப்புறீங்க. அங்க ஓடின வாய்க்கால் எந்தப் பக்கம் போகும்? கீழ்மடைக்காரன் தண்ணிக்கு எங்க போவான்? மனை விற்கிறவன் இதைச் சொல்ல மாட்டான், நீங்களும் கேக்குறதில்ல. அடுத்த ஞாயிறு பச்சை தேடி இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போறீங்க.

வீட்ல இறக்கி விடும்போது அதே பையன் என் ஒண்ணேகால் ஏக்கரைப் பார்த்தான். "உங்களுது எவ்வளவு அங்கிள்?" மூட்டை நெல்லுக்குன்னா விலை சொல்றேன் தம்பின்னேன். தங்கச்சி பையன்கிட்ட நம்பர் வாங்கிட்டான் போல, ரெண்டு தடவை போன் வந்துச்சு. ரெண்டும் நிலத்துக்குத்தான். நெல்லை இதுவரைக்கும் கேக்கல.