பல் மருத்துவரின் இருதயம்



பிறருக்கு வைத்தியம் செய்த ஒருவர், தாமே படுக்கையில் விழுந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்பதை இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அவர் பெயர் பார்னி கிளார்க். 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் பணியாற்றியபின் பல் மருத்துவம் பயின்று, சியாட்டில் நகரையொட்டிய பகுதியில் நெடுங்காலம் தொழில் நடத்தினார். நகைச்சுவையோடு பேசுவார், கோல்ஃப் ஆட்டத்தில் பிரியமுள்ளவர். மனைவி உனா லாய், மூன்று பிள்ளைகள் என நிறைவான குடும்பம்.

இப்படிப்பட்டவரை இருதயத் தசை நோய் பற்றிக்கொண்டது. சில அடிகள் நடந்தாலே மூச்சு வாங்கியது. மருந்துகள் பயனளிக்கவில்லை. வயதோ 61; மாற்று இருதயம் பொருத்த அக்காலத்து மருத்துவர்கள் வகுத்திருந்த வரம்பைக் கடந்துவிட்டார்.

எஞ்சியது ஒரே வழி. சால்ட் லேக் சிட்டியிலுள்ள யூட்டா பல்கலைக்கழகத்தில் 'ஜார்விக்-7' என்னும் செயற்கை இருதயத்தை உருவாக்கியிருந்தார்கள். மனிதருக்கு நிரந்தரமாக அதைப் பொருத்தியதில்லை. கிளார்க் அங்கே சென்று, செயற்கை இருதயத்தோடு வாழ்ந்த கன்றுகளையும் ஆடுகளையும் தம் கண்ணாலேயே பார்த்தார். உடனே சம்மதிக்கவில்லை, வீடு திரும்பினார். நோய் முற்றியபோதே முடிவெடுத்தார். சம்மதப் பத்திரம் 11 பக்கங்கள். ஒருமுறை கையெழுத்திட்டு, யோசிக்க அவகாசம் பெற்று, மறுபடியும் கையெழுத்திட்டார். தாம் பிழைப்பது அரிது என்பதை அறிந்திருந்தார். தமக்குப் பின் வருகிறவர்களுக்காவது இது பயன்படட்டும் என்று எண்ணினார்.

1982 டிசம்பர் 2 அதிகாலையில், வில்லியம் டிவ்ரீஸ் தலைமையில் ஏழு மணி நேரத்துக்கும் மேல் நீடித்த அறுவை சிகிச்சை முடிந்தது. கிளார்க்கின் மார்புக்குள் துடித்தது இயந்திரம். 150 கிலோவுக்கும் மேல் எடையுள்ள காற்றழுத்தப் பெட்டி ஒன்று, இரண்டு குழாய்கள் வழியாக அதை இயக்கியது. இனியும் அவர் என்னை நேசிப்பாரா என்று உனா லாய் மருத்துவர்களிடம் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. இருதயத்தை எடுத்துவிட்டால் அன்பு எங்கே இருக்கும் என்ற அந்த மனைவியின் ஏக்கம் நமக்கும் விளங்காமலில்லை. ஆனால் கண் விழித்தவர் பழைய கிளார்க்கே. அன்பு அவரை விட்டுப் போகவில்லை.

அந்நாட்கள் இலகுவாயிருக்கவில்லை. வலிப்பு வந்தது, உடைந்த வால்வை மாற்ற மீண்டும் அறுவை சிகிச்சை நடந்தது, குழப்பமும் தொற்றும் வாட்டின. வேண்டாமென்று தோன்றினால் இயந்திரத்தை நிறுத்திக்கொள்ள ஒரு சாவியும் அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. 112 நாட்கள் வாழ்ந்து, 1983 மார்ச் 23 அன்று மரித்தார். மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழந்தபோதும், அந்தச் செயற்கை இருதயம் மட்டும் கடைசிவரை துடித்துக்கொண்டிருந்தது.

அந்த வேதனை தேவைதானா என்று அன்றே பலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டாவதாகப் பொருத்தப்பட்டவர் 620 நாட்கள் வாழ்ந்தார். ஜார்விக்-7 வழிவந்த கருவிக்கு 2004இல் அமெரிக்க அரசு அங்கீகாரம் வழங்கியது. மாற்று இருதயம் கிடைக்கும்வரை உயிரைத் தாங்கும் பாலமாக அது பலருக்கு உதவியிருக்கிறது.

வாசகரே, கிளார்க்கின் துணிவு போர்விமானத்தில் மாத்திரம் வெளிப்பட்டதன்று. உண்மை முழுவதையும் கேட்டறிந்து, தாமே தீர்மானித்த அந்த நாளிலும் வெளிப்பட்டது. நம் வீடுகளிலோ, "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று மருத்துவரின் காதில் கிசுகிசுக்கிறோம். வாசிக்காமலே, நடு இரவில், ஏதோ ஒரு பத்திரத்தில் பிள்ளைகள் கையெழுத்திடுகிறார்கள். பாசத்தினால்தான் செய்கிறோம், சந்தேகமில்லை. ஆயினும் ஆயுள் முழுவதும் நமக்காகத் தீர்மானங்கள் எடுத்தவரை, அவருடைய சொந்த உயிரைக் குறித்த தீர்மானத்தில் புறம்பே நிறுத்திவிடுகிறோம்.

உங்கள் பெற்றோர் திடமாயிருக்கும் இந்நாட்களிலேயே அருகில் உட்கார்ந்து கேளுங்கள்: எதுவரை சிகிச்சை வேண்டும்? எது வேண்டாம்? எங்கே, யாருடன் இருக்க விரும்புகிறீர்கள்? சொல்வதைக் குறித்துவையுங்கள். கடினமான உரையாடல்தான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைத் தொடங்குவது இதைவிடக் கடினம்.