யந்திரம் துளை போடும்; கேள்வி கேட்பது யார்?

தூணுக்கும் உத்திரத்துக்கும் இரும்பை அறுத்துத் துளை போடும் பட்டறைகளில் கம்ப்யூட்டர் சொற்படி நடக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. இதைக் கண்டு சிலர் "தொழில் போயிற்று" என்று மாரடிக்கிறார்கள். வேறு சிலரோ "கம்ப்யூட்டர் தப்புச் செய்யுமா?" என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார்கள். இரு கூட்டத்தாரையும் நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

முன்பு அட்டையிலோ பலகையிலோ அச்சு வெட்டி, இரும்பின்மேல் வைத்துக் கோடிழுத்து, பஞ்சு அடித்துத் துளை போட்டார்கள். 20 மில்லி மீட்டர் போல்ட்டுக்கு 22 மில்லி மீட்டர் துளை என்பது வழக்கம். அந்த 2 மில்லி மீட்டருக்குள் எல்லாத் துளையும் நேர்படாவிட்டால், உயரத்தில் தொங்கிக் கொண்டு ஒருவன் துளையை அகலப்படுத்த வேண்டும். இன்றோ உத்திரம் உருளைகளின் மேல் தானே நகருகிறது. மூன்று பக்கத்திலிருந்தும் துறப்பணங்கள் ஒரே சமயத்தில் இறங்குகின்றன. இதை வேண்டாமென்பவர் அந்த உயரத்தில் ஒரு நாள் தொங்கிப் பார்க்கட்டும்.

இது தெய்வச் செயலுமல்ல. ஹெலிகாப்டர் சிறகு செய்யப் புகுந்த ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கருடைய யோசனையிலிருந்து கிளம்பி, 1952-ல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் துளையிட்ட காகித நாடாவைக் கொண்டு ஓட்டிக் காட்டிய வித்தை. கொல்லன் மகனுக்குத்தான் இரும்பு வசப்படும் என்ற சங்கதி அந்த நாடாவுக்குத் தெரியாது!

நிற்க. 1981 ஜூலை 17-ல் அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்து ஹயாட் ரீஜென்சி ஓட்டலில், கூட்டம் நிறைந்திருந்த வேளையில், தொங்கு நடைபாலங்கள் இரண்டு விழுந்து 114 பேர் மாண்டார்கள். காரணமென்ன? இரண்டு பாலத்தையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாயிருந்த திட்டத்தை மாற்றி, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலேயே தொங்கவிட்டார்கள். மேல்பாலத்து இணைப்பின்மேல் பாரம் இரட்டித்தது. பொறுப்பான இஞ்சினீயர்கள் அதற்குக் கணக்கே போடவில்லை. அந்தப் படத்தை இன்றைய யந்திரத்திடம் கொடுத்தால் மறுக்குமா? மயிரிழை பிசகாமல் துளைத்துக் கொடுக்கும்.

பழைய பட்டறையில் அச்சு வெட்டுகிறவன் படத்தைக் கோடு கோடாய்ப் படித்தாக வேண்டும். படிக்கையில், "ஏன் மேஸ்திரி, இங்கே துளை போட்டால் ஓரம் கிழியாதா?" என்று கேட்டுவிடுவான். இன்று படம் வரைகிறவர் மேஜையிலிருந்து எண்கள் நேரே யந்திரத்துக்குப் போகின்றன, நடுவில் கேட்பாரில்லை.

ஆகவே முதலாளிமார்களை நாம் கேட்பதாவது: யந்திரத்தால் மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கை அந்தத் தொழிலாளிக்கே செலவிட்டுப் படம் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் கற்பியுங்கள். இணைப்பில் எந்த மாறுதல் வந்தாலும், திரும்பக் கணக்குப் போட்ட இஞ்சினீயர் கையெழுத்தில்லாமல் உத்திரத்தை உருளையில் ஏற்றாதீர்கள். சந்தேகம் தோன்றினால் யந்திரத்தை நிறுத்த ஓட்டுகிறவனுக்கு அதிகாரம் கொடுங்கள். "நேரம் வீணாகுமே" என்பார்கள். ஆயுத பூஜையன்று அதே யந்திரத்துக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைக்க அரை நாள் நிறுத்துகிறவர்கள், இந்தக் கால் மணி நேரத்துக்கு முணுமுணுப்பானேன்?