கண்ணயர்ந்தார் மூதாட்டி, கணக்குக் கேட்டது கம்பெனி!

பெயர் வேண்டாம், பெரியவர் என்று மட்டும் சொல்வோம். வயது 91. ஊர், ஜப்பான் நாட்டின் ஐச்சி மாநிலத்தைச் சேர்ந்த ஓபு. நாள், 2007-ஆம் ஆண்டு டிசம்பர் 7.

பெரியவருக்கு மறதி நோய். மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதியல்ல இது. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே, ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று எழுந்து நடக்கச் செய்யும் மறதி!

அவரைப் பார்த்துக்கொண்டவர் யார்? 85 வயது மனைவி. அந்த அம்மையாருக்கே பிறர் துணை தேவை என்று சர்க்கார் சான்று அளித்திருந்தது. இன்னொருவர் மருமகள். கணவனைத் தொலைவூரில் விட்டுவிட்டு, மாமனாரைக் கவனிப்பதற்காகவே அருகில் வந்து குடியேறியவர். பெரியவரின் தொப்பியிலும் சட்டையிலும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தைத்து வைத்திருந்தனர். வாசலில் ஆள் கடந்தால் ஒலிக்கும் மணியும் வைத்திருந்தனர். ஒரு குடும்பம் இதற்குமேல் என்ன செய்யும்?

அன்று மாலை மருமகள் வேறு வேலையாக இருந்தார். மூதாட்டி சில நிமிடம் கண்ணயர்ந்தார். வாசல் மணி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பெரியவர் நடந்தார். ரயிலேறினார். கியோவா என்ற நிலையத்தில் இறங்கினார். அங்கே தண்டவாளத்தில் கால் வைத்தார். வண்டி வந்தது. கதை முடிந்தது.

முடிந்ததா? இல்லை, தோழர்களே! இனிமேல்தான் ஆரம்பம்!

மத்திய ஜப்பான் ரயில் கம்பெனி வழக்குத் தொடுத்தது. வண்டிகள் தாமதமாயின, பயணிகளை வேறு வழியில் அனுப்பச் செலவாயிற்று, ஆகவே சுமார் 72 லட்சம் யென் கொடு என்றது. யாரைப் பார்த்துக் கேட்டது? கணவனைப் பறிகொடுத்த மூதாட்டியைப் பார்த்து! தந்தையை இழந்த பிள்ளைகளைப் பார்த்து!

2013-ல் நகோயா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி கண்ணயர்ந்தது குற்றம். வேறூரில் வாழ்ந்தாலும் மூத்த மகன் பொறுப்பாளி. முழுத் தொகையையும் கொடு என்றது. 2014-ல் உயர்நீதிமன்றம் மகனை விடுவித்தது, மூதாட்டியை விடவில்லை. பாதித் தொகையை அவர் கட்ட வேண்டும் என்றது. 2016 மார்ச் 1-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இறுதித் தீர்ப்புக் கூறியது. மனைவி என்பதாலேயே, மூத்த மகன் என்பதாலேயே ஒருவர் தலையில் இந்தப் பொறுப்பைச் சட்டம் ஏற்றிவிடாது. இவர்கள் யாரும் பணம் தர வேண்டியதில்லை என்றது.

எட்டாண்டுக் காலம்! கண்ணயர்ந்த சில நிமிடத்துக்கு எட்டாண்டுக் காலம் பதில் சொன்னாள் ஒரு கிழவி.

வேறு நாட்டு வழக்கு, நமக்கென்ன என்று தள்ளிவிடாதீர்கள். இந்த வழக்கின் உள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. அது எல்லா நாட்டுக்கும் பொது. தன்னை மறந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டியது வீடா, ஊரா?

‘வீடுதான்’ என்று சொல்வது எளிது. பெற்றவரைக் காப்பது பிள்ளையின் கடமையல்லவா என்று குரலை உயர்த்திப் பேசுவதும் எளிது. நாம் மறுக்கவில்லை, கடமைதான். ஆனால் 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பே நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணிப் பாருங்கள். பெரியவர் வெளியே போனால் அபராதம் நமக்கு என்று தெரிந்த குடும்பம் என்ன செய்யும்? பூட்டு வாங்கும்! கதவுக்கு ஒன்று, சன்னலுக்கு ஒன்று. முடியாவிட்டால் கட்டிலோடு சேர்த்து ஒன்று. நாற்பதாண்டு உழைத்துக் குடும்பத்தைக் காத்தவன், குற்றம் ஏதும் செய்யாமலே சிறைப்படுவான். சிறைக்குக் காவல் யார்? மனைவி, மகள், மருமகள். அவளுக்கும் அது சிறைதான். பூட்டின் உள்ளே ஒருவர், சாவியோடு ஒருவர். இருவருக்கும் விடுதலை இல்லை!

பூட்டு வேண்டாம் என்றால் வேறு வழி உண்டா? உண்டு. அதைக் கண்டவர்கள் நிலக்கரித் தொழிலாளர் வாழ்ந்த ஊர்க்காரர்கள்.

ஜப்பானின் தென்பகுதியில் ஃபுகுவோகா மாநிலத்தில் ஓமுதா என்று ஓர் ஊர். மீகே நிலக்கரிச் சுரங்கம் அங்கேதான் இருந்தது. 1960-ல் ஆட்குறைப்பை எதிர்த்துப் பல மாதம் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் அந்தச் சுரங்கத்தார். 1963 நவம்பரில் நிலக்கரித் தூசு வெடித்து 458 உயிரைக் குடித்ததும் அந்தச் சுரங்கமே. 1997-ல் சுரங்கத்தை மூடினார்கள். இளைஞர் பிழைப்புத் தேடிப் போயினர். முதியவர் தங்கினர். ஒரு காலத்தில் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் இன்று அதில் பாதியளவே மக்கள். அவர்களிலும் மூவரில் ஒருவருக்கு மேல் 65 வயது கடந்தவர்.

அந்த ஊரார் என்ன செய்தார்கள்? 2004-ல் ஊரின் ஒரு பகுதியில் ஒத்திகை நடத்தினார்கள். தீயணைப்பு ஒத்திகை போல, தேடும் ஒத்திகை! ஒருவர் வழி தவறிய முதியவராக வேடம் ஏற்றுத் தெருவில் நடப்பார். அடையாளம் இன்னது, உடை இன்னது என்று செய்தி பரவும். கடைக்காரர், வண்டியோட்டுபவர், பள்ளிப் பிள்ளை எல்லோரும் கண்களைத் திறந்து வைத்துக்கொள்வர். கண்டவர் அருகில் போய்ப் பேச வேண்டும். அந்தப் பேச்சுத்தான் ஒத்திகையின் உயிர். பார்த்தும் பாராமல் போகிறவன் ஊரில் இருந்தால், ஆயிரம் போலீசார் இருந்தும் பயனில்லை அல்லவா? பிறகு ஓமுதா முழுவதிலும் இந்த ஒத்திகை நடந்தது. பிள்ளைகளுக்கு இந்நோயை விளக்கப் படக்கதைப் புத்தகமும் எழுதினார்கள்.

ஓமுதாவுக்கு முன்னோடியும் உண்டு. வடகோடியில் ஹொக்கைதோவிலுள்ள குஷிரோ ஊரில் 1994-லேயே ஒரு தேடும் கூட்டணி தோன்றியது. போலீசும் டாக்சிக்காரரும் உள்ளூர் வானொலியும் அதில் சேர்ந்தனர். ஒருவர் காணவில்லை என்று தெரிந்ததும் செய்தி எல்லோருக்கும் போகும். டாக்சி ஓட்டுபவன் எப்படியும் தெருவில்தான் இருக்கிறான். அவன் கண்ணுக்குக் கூலி வேண்டாம். சொல்லி வைத்தால் போதும்! இதைக் கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானம் தேவைப்படவில்லை. உழைப்பவனை நம்பும் மனம் தேவைப்பட்டது.

பிற நாடுகளிலும் முயற்சிகள் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ‘சில்வர் அலர்ட்’ என்ற ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் அது 2008-ல் வந்தது. அங்கே முதியவர் காரோட்டிச் சென்று காணாமற்போவது உண்டு. ஆகவே கார் எண்ணை நெடுஞ்சாலைப் பலகைகளில் ஒளிரவிடுவர். தென்கொரியாவில் 2021 முதல் சுற்றுவட்டாரக் கைப்பேசிகளுக்கெல்லாம் காணாமற்போனவரின் அடையாளம் குறுஞ்செய்தியாகப் போகிறது.

கருவிகளும் வந்துவிட்டன. செருப்புக்குள் வைக்கும் இடங்காட்டிக் கருவி. ஜப்பானின் இருமா ஊரில் 2016-ல் விரல் நகத்தில் ஒட்டும் சிறு கியூ.ஆர். ஒட்டுவில்லை. கைப்பேசியில் படம் பிடித்தால் நகராட்சியின் எண் வரும். மனிதனுக்கு முத்திரையா, மாட்டுக்குச் சூடு போடுவது போலவா என்று சிலர் கேட்டனர். கேட்க வேண்டிய கேள்விதான்! ஆயினும் ஒன்று சொல்வோம். நகத்தில் ஒட்டியதைப் பார்க்க வேண்டுமானால் ஒருவன் அந்த முதியவரின் கையைப் பிடித்தாக வேண்டும். கையைப் பிடிக்க ஆளில்லாத தெருவில் கருவி என்ன செய்யும்?

புள்ளி விவரம் ஒன்று தருகிறோம், மனத்தில் கொள்ளுங்கள். மறதி நோயால் காணாமற்போனதாக ஜப்பான் போலீசுக்கு வந்த புகார் 2012-ல் 9,607. 2023-ல் 19,039. இரு மடங்கு! 2024-ல் சற்றுக் குறைந்து 18,121. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ கிடைத்துவிடுகின்றனர். ஆனால் 2024-ல் பிணமாகக் கிடைத்தவர் 491 பேர். எங்கே கிடைத்தனர்? கடல் கடந்தா போயிருந்தனர்? நான்கில் மூன்று பேருக்கு மேல், காணாமற்போன இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்! ஆற்றங்கரையில், வாய்க்காலில், புதரில். ஊர் எல்லையைத் தாண்டாமல், ஊராரின் கண்ணில் படாமல் மாண்டார்கள். தொலைவு கொல்லவில்லை, கவனிப்பாரின்மை கொன்றது.

இத்தனை ஏற்பாடு இருந்தும் இத்தனை சாவா என்று கேட்பீர்கள். கேளுங்கள். எச்சரிக்கை மணி, ஆள் போன பிறகு அடிப்பது. ஊரின் கண், போகும்போதே பார்ப்பது. அந்தக் கண்ணைத் திறக்கத்தான் 2005 முதல் ஜப்பானில் ‘மறதி நோய்த் துணைவர்’ என்று பொதுமக்களுக்கு வகுப்பெடுக்கின்றனர். ஒன்றரை மணி நேர வகுப்பு. வங்கி ஊழியரும் கடைப் பணியாளரும் பள்ளி மாணவரும் போகின்றனர். ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் படித்து முடித்திருக்கின்றனர். அங்கே சொல்லித் தரும் விதிகள் மூன்று. திடுக்கிடச் செய்யாதே. அவசரப்படுத்தாதே. மூன்றாவது விதி என்ன தெரியுமா, தோழர்களே? அவர் சுயமரியாதையைப் புண்படுத்தாதே!

சுயமரியாதை! நமக்கு இந்தச் சொல்லைப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நினைவு போன பின்னும் மானம் போவதில்லை. பேரப்பிள்ளையின் பெயர் மறந்தவருக்கும், தன்னை ஒருவன் ஏளனம் செய்கிறான் என்பது புரியும். ஜப்பானில் இந்நோய்க்கு முன்பு வைத்திருந்த பெயரின் எழுத்துக்களுக்குப் பொருள் மூடத்தனம், மந்தம் என்பது. அது இழிவு என்று கண்டு 2004-ல் சர்க்காரே அந்தப் பெயரை மாற்றிற்று. நாம்? ‘கிழத்துக்குப் புத்தி கலங்கிப் போச்சு’ என்கிறோம். கல்லெறியும் சிறுவனைக் கண்டு சிரிக்கிறோம். பெயரை மாற்றினால் நோய் தீருமா என்பார் சிலர். தீராது. ஆனால் வெட்கப்பட்டு மறைக்கிற குடும்பம் வெளியே வந்து, ‘எங்கள் அப்பாவுக்கு இப்படி; கண்டால் சொல்லுங்கள்’ என்று கேட்கும். கேட்டால்தானே ஊர் தேட முடியும்?

சரி, விபத்து நடந்துவிட்டால் நட்டத்தை யார் ஏற்பது? கம்பெனி ஏற்குமா, கிழவி ஏற்பாளா? கோபே நகரம் 2019-ல் வழி காட்டிற்று. நகரத்தாரிடம் ஆளுக்கு ஆண்டுக்கு 400 யென் கூடுதல் வரி. அந்தப் பணத்தில் நோயைக் கண்டறியும் சோதனைக்கு உதவி. மறதி நோயாளரால் விபத்து நேர்ந்தால் ஈட்டுத்தொகை. ஒருவர் தலையில் விழுந்தால் பாறை. ஊரே பகிர்ந்தால் கூழாங்கல்! மூதாட்டி கண்ணயர்ந்த அதே ஓபு நகரமும் சும்மா இருக்கவில்லை. மறதி நோய் கண்டு அஞ்சாமல் வாழும் ஊராக வேண்டும் என்று 2017-ல் தனிச் சட்டமே இயற்றியது. ஒரு பெரியவரின் சாவு ஓர் ஊருக்குப் பாடமாயிற்று.

நமக்குப் பாடம் எதிலிருந்து வரப்போகிறது? 2023-ல் வெளிவந்த ஆய்வு, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என மதிப்பிட்டது. 2021-ஆம் ஆண்டுக்கான கணிப்புப்படி தமிழ்நாட்டில் முதியோர் நூற்றுக்கு 13.6. கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். பிள்ளைகள் குறைவு, அவர்களும் வேலை தேடி வெளியூரில். ஓமுதாவின் கதை நம் ஊர்களின் நாளைய கதையன்றோ? முதியோருக்காக 14567 என்ற உதவி எண் இருக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் எண்ணை அழைக்க ஒருவர் வேண்டும். அவர் தெருவில் நிற்பவராக இருக்க வேண்டும்.

ஆளும் பொறுப்பிலுள்ளோரைக் கேட்கிறோம். காணாமற்போன முதியவர் பற்றிப் புகார் வந்த அந்த மணியிலேயே பேருந்து நடத்துநருக்கும் ரயில் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் செய்தி போக ஏற்பாடு செய்க. ‘ஒரு நாள் பார்ப்போம், வந்துவிடுவார்’ என்று எந்தக் காவல் நிலையமும் சொல்லாதிருக்க ஆணையிடுக. குடும்பத்தார் விரும்பினால் முன்கூட்டியே படமும் அடையாளமும் பதிந்து வைக்க வசதி செய்க. அது போலீசுக் கோப்பில் அடைபட்டுக் கிடவாமல், பிறர் கையில் சிக்கிச் சீரழியாமல் காத்திடுக.

உங்களையும் கேட்கிறோம், உழைக்கும் தோழர்களே! ஆட்டோ நிறுத்தத்தில் நிற்பவர் நீங்கள். விடியற்காலையில் பால் போடுபவர், பேருந்தில் சீட்டுக் கொடுப்பவர், தேநீர்க் கடை திறப்பவர், குப்பை அள்ளுபவர் நீங்கள். ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் கண்கள் உங்கள் கண்கள். கொளுத்தும் வெயிலில் செருப்பில்லாமல், ஒரே தெருவை மூன்றாம் முறை சுற்றி வருகிற பெரியவரைக் கண்டால் பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். முன்னால் வந்து நில்லுங்கள். ‘ஐயா, வாங்க, இப்படி நிழலில் உட்காருங்க’ என்று சொல்லுங்கள். ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். பெயரைக் கேளுங்கள், தெரியவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். சட்டையில் எண் தைத்திருக்கிறதா பாருங்கள். போலீசுக்குச் சொல்லுங்கள். ஆள் வரும்வரை கூட இருங்கள்.

அவர் யாரோ ஒருவரின் தந்தை. ஏதோ ஓர் ஆலையில் நாற்பதாண்டு சங்கு ஊதியதும் ஓடியவராக இருக்கலாம். இன்று அவர் கால்கள் தேடுவது அந்த ஆலையையோ, என்றோ இடிந்துபோன வீட்டையோ, நாமறியோம். எங்கோ ஒரு வீட்டில் ஒரு மூதாட்டி, கண்ணயர்ந்த குற்றத்துக்காகத் தன்னைத் தானே நொந்துகொண்டு வாசலில் நிற்கிறாள்.

அவள் கண்ணயரலாம், வயது அப்படி. ஊர் கண்ணயரலாமா?