மே மாதத்துப் பள்ளிக்கூடம்

பழனி மலையின் கீழ்ச்சரிவில், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, ஆடலூர்ப் பக்கம், நவம்பரில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்குகிறது. ஒரு செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. பறிப்பு மூன்று நான்கு சுற்றாகப் பிப்ரவரி வரை நீளும். பளியர் பழங்குடிக் குடும்பங்களும் நிலமில்லாத பிற கூலிக் குடும்பங்களும் அந்த மாதங்களில் தோட்டங்களுக்குப் போய்த் தங்கிவிடுகின்றன. பிள்ளையைக் குடியிருப்பில் விட்டுவர ஆளில்லை. கூலி கிலோக் கணக்கு என்றால் சின்னக் கைகளும் கூடையை நிரப்பும். அதே டிசம்பரில்தான் அரையாண்டுத் தேர்வு. பறிப்பு முடிந்து திரும்பும் பிள்ளை, பெருக்கலில் விட்டுப்போன வகுப்பை வகுத்தலில் பார்க்கிறது. புரியாத பாடத்துக்கு நடுவே எத்தனை நாள் உட்காரும்? இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் இடைநிற்றல். பாடத்தைக் கொண்டு முன்னே போய்விட்டது பள்ளி என்பதை எந்தப் பதிவேடும் சொல்வதில்லை.

மே மாத விடுமுறை சமவெளியின் வெயிலுக்காக ஏற்பட்டது. அந்த வெயிலுக்கு ஒதுங்கித்தான் 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள்; அவர்கள் பிள்ளைகளுக்கென்று 1901இல் பள்ளியும் வந்தது. வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் கிடைத்தது. மலையின் பிள்ளைகளுக்கு ஏற்ற நாட்காட்டி இன்னும் வரவில்லை. சட்டம் தடுக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 9ஆம் பிரிவு, கல்வியாண்டு நாட்காட்டியை முடிவு செய்வதையும் இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதையும் உள்ளாட்சியின் கடமையாக்கியிருக்கிறது. பறிப்புக் காலத்தில் தோட்டத்துக்கு அருகிலுள்ள பள்ளி, மாற்றுச் சான்றிதழ் கேட்காமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளட்டும். விட்ட பாடத்தை மே மாதத்தில் சில வாரம் நடத்தட்டும்.

அறுவடைக்குப் பள்ளியை வளைப்பது குழந்தை உழைப்புக்கு வழிவிடும் என்பார்கள். அறுவடைக்குப் பள்ளியை மூடச் சொன்னால்தான் அப்படி ஆகும். நாம் கேட்பது, அந்த மாதங்களிலும் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒரு வகுப்பும் இருக்க வேண்டும் என்பது. ஆசிரியர்களின் மறுப்பு இதைவிட நியாயமானது: சமவெளியிலிருந்து வந்து வேலை பார்ப்பவருக்கு மே மாதம்தான் சொந்த ஊர். ஈடுசெய் விடுப்பு தர வேண்டும். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம்போல் உள்ளூர் இளைஞர்களையும் ஊதியத்தோடு அமர்த்தலாம். பன்னிரண்டாவது முடித்த ஒரு பளியர் பெண் கரும்பலகை முன் நின்றால், படித்தால் என்ன ஆகலாம் என்று பிள்ளைகளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

நிலமும் கூலியும் சரியாகாமல் பாடம் மட்டும் வறுமையைத் தீர்க்குமா என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. தீர்க்காது. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராமசபைக்கு மனு எழுதக் குடியிருப்பில் ஒருவருக்காவது எழுத்து வேண்டும். தாயின் வாரக் கூலியை எடைச்சீட்டோடு சரிபார்க்க வீட்டில் ஒரு பிள்ளைக்காவது பெருக்கல் தெரிந்திருக்க வேண்டும். டிசம்பரில் தவறிப்போனது அந்தப் பாடம்தான்.