முதல்நாள் விலையும் முழு ஆயுள் விலையும்

வீடு கட்டப் புகும் நம்மவர் எத்தனையோ கேள்விகள் கேட்கின்றனர். வாயிற்படி எத்திசை நோக்கி இருத்தல் வேண்டும், கடைக்கால் இடுவதற்கு உகந்த நாள் எது, அடுப்பு எந்த மூலையில் அமைதல் நலம் என்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து மனையடி சாஸ்திரம் பார்ப்பவரை வினவுகின்றனர். இவ்வளவும் முடிந்தபின் கண்டிராக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கின்றனர்: "மொத்தம் எவ்வளவு ஆகும்?" அவர் ஒரு தொகை சொல்கிறார்; பேரம் நடக்கிறது; காரியம் முடிகிறது. இந்தச் சுவருக்கான சரக்கு எந்த மலையை வெட்டி வந்தது, அதை ஆக்க எவ்வளவு நெருப்பு எரிந்தது, எத்தனை ஆண்டு உழைக்கும், பழுதுற்றால் யார் பார்ப்பது, இடித்தபின் எங்கே போகும் என்று கேட்பவர் அரியர். திசைக்கு இருக்கும் மதிப்பு பொருளுக்கு இல்லை. பகுத்தறிவுக்கு ஒவ்வாத இவ்வழக்கத்தை மூடப் பழக்கம் என்னாமல் வேறு என்னென்பது?

திரிங்காப் சாலையோரத்தில் சற்று நின்று பார்ப்போர்க்கு இவ்வுண்மை கண்ணெதிரே விளங்கும். கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் வழியில் இச்சிற்றூர் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துச் சரிவுகளில் தேயிலை. மற்றச் சரிவுகளில் காய்கறித் தோட்டங்கள். பழைய பலகை வீடு, துருவேறிய தகரக் கூரை, புதிய சிமெண்டு மாடி, சரிவு முழுவதையும் மூடிய பிளாஸ்டிக் பந்தல் ஆகிய நான்கையும் ஒரே பார்வையில் இங்கே காணலாம். இவற்றுள் எது நல்லது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் தயங்காமல் சிமெண்டு மாடியைக் காட்டுவர். எதனால் என்றால், "அது நிலைக்கும்" என்பர். எவ்வளவு காலம், யாருக்கு, யார் செலவில் என்று மேலும் கேட்டால் விடை வராது.

இக்கேள்விகளுக்கு விடை காணும் முறை புதிதன்று. 1969ஆம் ஆண்டில் அமெரிக்கப் பானக் கம்பெனி ஒன்று, தன் சரக்கை எவ்வகைக் கலத்தில் அடைப்பது என்று தீர்மானிக்க, ஒவ்வொரு கலத்தின் பிறப்பு முதல் இறப்பு வரை செலவாகும் மூலப்பொருளையும் எரிபொருளையும் கழிவையும் கணக்கிடச் செய்தது. அம்முறை வளர்ந்து, 1997இல் ஐ.எஸ்.ஓ. 14040 என்ற பெயரில் உலகத் தரநெறி ஆயிற்று. இதனை முழு ஆயுள் கணக்கு எனலாம். பொருள் மண்ணிலிருந்து எடுக்கப்படுதல், ஆலையில் ஆக்கப்படுதல், கட்டுமிடத்துக்குச் சுமக்கப்படுதல், வீட்டில் இருந்து உழைத்தல், முடிவில் இடிக்கப்பட்டு மறுபயன் அடைதல் அல்லது குப்பையாதல் ஆகிய ஐந்து பருவங்களையும் இது பார்க்கிறது. ஒரு மூட்டைக்கு என்ன விலை, ஒரு தகட்டுக்கு என்ன விலை என்று இம்முறை கேட்பதில்லை. ஒரு குடும்பம் ஐம்பது ஆண்டு நனையாமலும் நோயுறாமலும் வாழ எவ்வளவு ஆகும் என்று கேட்கிறது.

உதாரணமாக, ஒரு கூரைக்கு 1,000 வெள்ளி ஆகிறது, அது 10 ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்றுக்கு 2,500 வெள்ளி ஆகிறது, அது 40 ஆண்டு உழைக்கிறது என்போம். முன்னதற்கு ஆண்டுக்கு 100 வெள்ளி. பின்னதற்கு 62 வெள்ளி 50 காசு. மலிவு என்று நாம் கொண்டது விலையேறப்பெற்றதாகிவிட்டது! முதல்நாள் விலையைக் கொடுப்பவர் ஒருவர், மீதி நாட்களின் விலையைக் கொடுப்பவர் மற்றொருவர் என்றால், கட்டுபவருக்கு இக்கணக்கு வேண்டுவதில்லை. தோட்டத்து லயங்களின் வரலாறு முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும். கட்டியது நிர்வாகம், ஒழுகியபோது சட்டி வைத்தது தொழிலாளி.

இனிப் பொருள்களை ஒவ்வொன்றாக விசாரிப்போம். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்து, ஏறத்தாழ 1,450 பாகை வெப்பமுள்ள சூளையில் சுட்டு, கிடைக்கும் கட்டியைப் பொடித்தால் சிமெண்டு. அக்கல்லில் 100 பங்கு சுட்டால் 56 பங்குதான் சுண்ணாம்பாக மிஞ்சும். 44 பங்கு கரியமில வாயுவாய் வானேறும். சூளையில் எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். உலகில் மனிதர் செயலால் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டினால் மட்டும் உண்டாகிறது. இச்சூளைக்கு இரையாகும் கல்லைக் காண வெகுதூரம் போக வேண்டாம். கேமரன் மலையிலிருந்து ஈப்போவுக்கு இறங்கினால் சிம்பாங் பூலாய்ப் பகுதியில் பாதி வெட்டுண்டு வெள்ளைக் காயத்துடன் நிற்கும் குன்றுகள் தென்படும். தாழ்நிலத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் லாரிகள் இச்சரக்கைச் சுமந்து ஏறுகின்றன. அந்த எண்ணெய்ச் செலவும் மூட்டையின் விலைக்குள் மறைந்திருக்கிறது.

சிமெண்டே கூடாது என்பது நம் வாதமன்று. கடைக்காலுக்கும் மலைச்சரிவின் தாங்குசுவருக்கும் கழிவறைக்கும் சாக்கடைக்கும் அது வேண்டும். அதனை எங்கும் எதற்கும் அப்பி, அதனால் நித்தியத்துவம் கிட்டிவிட்டதென்று மயங்குவதையே மறுக்கிறோம். 1993 டிசம்பர் 11இல் கோலாலம்பூரை அடுத்த அம்பாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற பன்னிரண்டு மாடிக் கட்டடங்களுள் ஒன்று சரிந்து 48 உயிர்களைக் கொண்டு போயிற்று. அது கான்கிரீட் கட்டடந்தான். மேலுள்ள சரிவில் நீர் வடிய வழியின்றி மண் பெயர்ந்தபோது கான்கிரீட்டின் வலிமை எதற்கும் உதவவில்லை. மலையில் வீட்டைக் காப்பது முதலில் வடிகால், பின்பு சுவர் என்பதை மறந்தவர் கையில் எப்பொருளும் நிலைக்காது.

அடுத்துத் தகரம். இரும்பை உருக்குவதற்கு எரியும் நெருப்பு பெரிது. ஆயினும் இரும்புக்கு மறுபிறப்பு உண்டு. கிழிந்த தகரத்தைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு வாங்குகிறார். அது மீண்டும் உருகி மீண்டும் தகடாகிறது. அதன் குறை வாழும்நாளில் உள்ளது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இம்மலையில், கீழே பலகைத் தட்டின்றித் தகரத்தை மட்டும் கவிழ்த்தால், விடியற்காலையில் அதன் அடிப்புறம் வியர்த்துப் படுக்கையில் சொட்டும். நண்பகலில் தலை சுடும். தகரத்தின் மீது பழி சொல்வதில் பயனில்லை. அதன்கீழ் ஒரு தட்டுப் போடும் செலவை மிச்சப்படுத்தியவர் மீதே பழி.

மூன்றாவது, கல்நார் கலந்த தகடு, ஆஸ்பெஸ்டாஸ் எனப்படுவது. முதல்நாளில் மலிவு, துருப்பிடிக்காது, தீப்பிடிக்காது. ஆனால் அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்ணிய நார்த்தூசி நுரையீரலில் குடியேறி, இருபது முப்பது நாற்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பவை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2003ஆம் ஆண்டின் இறுதியிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் அதனை விலக்கின. இலங்கை அரசும் 2018 முதல் விலக்குவதென்று தீர்மானித்திருந்தது. அதன்பின் நடந்ததைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கொன்றில் ஒரு வண்டு காணப்பட்டதென்று கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. கல்நாரைப் பெருமளவில் வெட்டி விற்கும் நாடு ரஷ்யா. சில நாட்களுக்குள் இலங்கை தன் கல்நார்த் தடையைத் தளர்த்தியது. தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து கிள்ளியவரின் உழைப்பு விலைபோக வேண்டுமானால் அவருடைய சுவாசம் அடகு வைக்கப்பட வேண்டும் என்றாயிற்று. விலைப்பட்டியலில் அந்தக் கூரை இன்றும் மலிவுதான்!

இனிப் பலகையும் மூங்கிலும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, மரம் காற்றிலிருந்து உறிஞ்சிய கரி. பலகை வீட்டில் நிற்குமளவும் அக்கரி அங்கேயே அடைபட்டிருக்கும். மட்கினாலும் எரிந்தாலும் மீண்டும் காற்றுக்குப் போகும். ஆகவே நீண்டநாள் வாழும் பலகை நன்மை. ஐந்தாண்டில் கரையான் தின்னும் பலகை வீண். மரத்தை நட்டு வளர்க்காமல் காட்டை மொட்டையடித்துக் கொணர்ந்தால் அது நன்மையே அன்று. மூங்கிலோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முற்றிவிடும். போராக்ஸ் உப்பு நீரில் ஊறவைத்து, நிலத்தைத் தொடாமல் கல்லின் மீது நிறுத்தி, தாழ்வாரத்தை அகல இறக்கினால் ஒரு தலைமுறை உழைக்கும். அவ்வாறு செய்யாதவிடத்து மூன்றாம் ஆண்டே உளுத்து வீழும். பொருளின் ஆயுள் அதனைப் பேணும் கையிலும் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இறுதியாகப் பிளாஸ்டிக் பந்தல். பயிரின்மேல் மழை விழாதிருக்க இரும்புக் குழாயின் மீது விரித்த தாள் அது. எண்ணெயிலிருந்து பிறந்து, வெயிலில் நொறுங்கி, சில ஆண்டுகளில் கிழிகிறது. கிழிந்தது ஓடையோரம் சேர்கிறது அல்லது கொளுத்தப்படுகிறது. பந்தலின் மீது விழும் மழை மண்ணில் ஊறாமல் ஒரே மூச்சில் கீழே பாய்கிறது. மரம் அழித்துத் திருத்திய சரிவுகளின் மண்ணும் அதனுடன் இறங்குகிறது. 1963இல் கட்டி முடிந்த ரிங்லெட் சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கத்தை வண்டல் நிரப்பி வருவது நாடறிந்த செய்தி. 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவில், பெருமழையால் நிறைந்த அவ்வணை திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களும் வீடுகளும் அழிந்தன. மேட்டில் மிச்சம் பிடித்தவரின் கணக்கைப் பள்ளத்தில் இருந்தவர் தீர்க்க நேர்ந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "எங்கள் பாட்டனார் மண்குடிசையிலும் அத்தாப்புக் கொட்டகையிலும் இருந்து பட்டது போதாதா? கல்வீடு கட்டும் காலம் வந்தபோது மறுபடியும் மண்ணும் மூங்கிலும் என்கிறீரே!" என்பர். இம்மறுப்பு இகழத்தக்கதன்று. தாழ்த்தப்பட்டோர் ஓட்டு வீடு கட்டலாகாது என்று தடுத்த ஊர்கள் நம் தாய்நாட்டில் இருந்தன. அவ்வூர்களை விட்டுக் கப்பலேறியவரின் பேரன் கல்வீட்டை விரும்புவது ஆடம்பரமன்று, மானம். ஆனால் அம்மானத்தைச் சிமெண்டு மூட்டைக்குள் தேடுவானேன்? ஒழுகாத கூரை, உலர்ந்த தரை, நோய் தராத சுவர், பிறர் வெளியேற்ற முடியாத வாயில்: மானம் இவற்றில் இருக்கிறது. ஏழைக்கு மண், செல்வருக்குச் சலவைக்கல் என்று நாம் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே கணக்கு என்கிறோம்.

மண் என்றால் குடிசை என்பதும் அறியாமையே. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில், மண்ணுடன் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு சிமெண்டு சேர்த்து, பொறியில் அழுத்தி, சூளையிடாமலே கட்டிகள் ஆக்கி மாடிவீடுகள் எழுப்புகின்றனர். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞர், செங்கலைக் குத்துக்காலாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பி, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தினார். நம் முன்னோரின் சுண்ணாம்புச் சாந்தும் கருதத்தக்கது. அது இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்; சுவரை இடித்தாலும் செங்கல் முழுதாக வெளிவந்து மறுபடி உதவும். சிமெண்டுச் சாந்தில் பிடித்த செங்கல்லோ உடைந்துதான் வரும். முன்னோர் செய்தார்கள் என்பதற்காக இதனைப் போற்றவில்லை. கணக்கு ஒத்துவருவதால் போற்றுகிறோம். கணக்கு ஒவ்வாதவிடத்து முன்னோரையும் கைவிடுவோம்.

கோயில் திருப்பணிக் குழுவினருக்கும் ஒரு சொல். லயத்துக் கூரை ஒழுக, வடிகால் அடைத்துக் கிடக்க, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துச் சிமெண்டுப் பொம்மைகள் நிறைந்த கோபுரம் எழுப்புகின்றீர்கள். சில ஆண்டுகளுக்கொருமுறை வண்ணம் பூச மீண்டும் ரசீதுப் புத்தகத்துடன் வருகின்றீர்கள். அக்கோபுரத்தின் முழு ஆயுள் செலவை ஒருமுறையேனும் எழுதி அடியார் முன் வைத்ததுண்டா?

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுண்டு. பேணினால் பொருள் வாழும். தனதென்று எண்ணுபவனே பேணுவான். வேலை நின்றால் வீடும் போகும் என்ற நிலையில் இருப்பவன் எதற்காகப் பலகைக்கு எண்ணெய் பூசுவான்? தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் மலேசியாவில் 1990இல் வந்தது. 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. அறையின் அளவையும் தண்ணீரையும் அது பேசுகிறது, நல்லதே. ஆனால் கூரை எத்தனை ஆண்டு உழைக்கும், குடியிருப்பவர் எத்தனை ஆண்டு இருப்பார் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்கும் நாள் இன்னும் வரவில்லை. இன்று தேயிலைக் காடுகளில் வங்கதேசத்தவரும் நேப்பாளியரும் நம் பாட்டனார் நின்ற இடத்தில் நிற்கின்றனர். நம்மைச் சுட்டது அவரையும் சுடும். நம்மவர் பட்டணம் போய்விட்டனர் என்று வாளாவிருத்தல் சீர்திருத்தக்காரர்க்கு அழகன்று.

ஆதலின் தொழிற்சங்கத்தார் கூலிக் கோரிக்கையோடு கூரைக் கோரிக்கையையும் எழுதுக. எந்தப் பொருள், எவ்வளவு ஆயுள், பழுதுக்கு யார் பொறுப்பு, இடித்தால் எங்கே போகும் என்ற நான்கும் கட்டட ஒப்பந்தத்திலேயே இடம்பெறுக. பழைய கல்நார்க் கூரை இருந்தால் உடைக்காமல், நனைத்து, தகுந்த காப்புடன் நிர்வாகத்தின் செலவில் அகற்றுக. பட்டணத்தில் வீடு கட்டுவோர், திசை கேட்கும் நேரத்தில் பாதியையாவது பொருளைக் கேட்பதில் செலவிடுக. மலிவு என்று எவராவது ஒன்றைக் காட்டினால், "மீதி விலையைக் கொடுப்பவர் யார்?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லாதவரிடம் ஒரு செங்கல்லும் வாங்காதீர்கள்.