பாதி செங்கல் அத்தைக்கு!

ஃப்ரெண்ட்ஸ், ஒரு சின்ன கேள்வி. நீங்க இருக்கிற வீடு யார் பேர்ல இருக்கு? ‘அப்பா பேர்லதான்’னு டக்குனு சொல்றவங்க, பீரோவைத் திறந்து பத்திரத்தை ஒரு தடவை பார்த்துடுங்க. தாத்தா பேர்ல இருந்தா, கதையே வேற!

எங்க திருவான்மியூர்ல தனி வீட்டை இப்போ தேடித்தான் பிடிக்கணும். இடிக்கிறாங்க, ஃப்ளாட் கட்டுறாங்க. தாத்தா கட்டின எங்க வீட்டுக்கும் ஒரு பில்டர் வந்தார். காபி குடிச்சார், மொட்டை மாடியைப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: “கூடப் பொறந்தவங்க எத்தனை பேர் சார்?” அப்பாவுக்கு ஒரே தங்கச்சி, நாக்பூர்ல இருக்காங்க. “அப்போ அவங்க கையெழுத்தும் வேணும்.” அப்பா முகம் சட்டுனு மாறிடுச்சு. முப்பது வருஷமா வீட்டு வரி கட்டினது, மோட்டார் மாத்தினது, மழைக்கு ஒழுகுற தளத்தைப் பூசினது எல்லாம் அவர்தானே! அத்தை வர்றது மே மாசத்துல பத்து நாள்.

சட்டம் அந்தப் பத்து நாளை எண்றதில்லை பாஸ். தாத்தா சொந்தமா சம்பாதிச்சுக் கட்டின வீடு, உயில் எழுதாம போயிட்டார், பாட்டியும் இல்லைன்னா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ‘பொண்ணுங்களுக்கு 2005-லதானே வந்துச்சு’ன்னு என் க்ளாஸ்ல பாதிப் பேர் சொல்றாங்க. அது பூர்வீகச் சொத்து மேட்டர். அதையும் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்துடுச்சு, அப்போ கல்யாணம் ஆகாம இருந்த பொண்ணுங்களுக்கு மட்டும். (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேற.)

ஆனா 1956 சட்டத்துல ஒரு குசும்பு இருந்தது. பேரு 23-வது பிரிவு. குடும்பம் குடியிருக்கிற வீட்டுல பொண்ணுக்குப் பங்கு உண்டு. ஆனா ஆண் வாரிசுகள் பிரிச்சுக்கிற வரைக்கும் அவங்க ‘பிரிச்சுக் கொடு’ன்னு கேட்க முடியாது. கல்யாணமாகிப் புருஷனோட இருக்கிற பொண்ணுன்னா, அந்த வீட்டுல தங்குற உரிமைகூடக் கிடையாது. டிக்கெட்டைக் கொடுத்துட்டு பஸ்ல ஏறாதேன்னா எப்படி? 2005 செப்டம்பர் 9-ம் தேதியோட அந்தப் பிரிவு காலி. அப்புறமும் ஒரு அண்ணன் விடலை. 1996-ல அப்பா இறந்த வீடு, தங்கச்சிங்க பாகம் கேட்டு கேஸ் போட்டாங்க. அண்ணன் 23-வது பிரிவைக் காட்டினார். சென்னை உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2009 ஏப்ரல்ல தங்கச்சிங்க ஜெயிச்சாங்க.

‘பன்னிரண்டு வருஷம் குடியிருந்தா வீடு நம்மளுது’ன்னு ஒரு மாமா கிளம்புவார், எல்லா குடும்பத்துலயும். பங்காளிகளுக்குள்ள அது அவ்வளவு ஈஸியா செல்லாது. ஒருத்தர் குடியிருந்தா எல்லாருக்காகவும் இருக்கிறதாத்தான் கோர்ட் எடுத்துக்கும். ‘உனக்கு இதுல பங்கே கிடையாது’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு இருந்திருந்தாத்தான் அந்தப் பேச்சு. எந்த அண்ணன் அப்படிச் சொல்லிட்டு அடுத்த தீபாவளிக்கு ஃபோன் பண்ணுவார்?

அத்தை தெளிவா சொல்லிட்டாங்க: “காசு வேணாம்ணா. கட்டினா, ஒரு ஃப்ளாட் என் பேர்ல இருக்கட்டும்.” அப்பாவுக்கு வருத்தம். நான் அத்தை கட்சி. சாப்பாடு போடுறது அப்பாங்கிறதால கொஞ்சம் சத்தமில்லாத கட்சி!

‘வேணாம், அண்ணனே வெச்சுக்கட்டும்’ங்கிற அத்தைகளும் உண்டு. வாயால சொன்னா பத்தாது, விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு பண்ணணும். குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத் தீர்வை 1 சதவிகிதம்தான். அதிகபட்சம் 25,000 ரூபாயா இருந்ததை 2023 ஜூலையில 40,000 ஆக்கினாங்க. அண்ணனோ தங்கச்சியோ அமெரிக்காவுல இருந்தா, அங்கே இந்தியத் தூதரகத்துல அத்தாட்சி வாங்கி பவர் பத்திரம் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டிடணும்.

அப்பா கட்சிக்கும் ஒரு பாயின்ட் இருக்கு. வீட்டைக் காப்பாத்த அவர் செஞ்ச செலவை, பாகம் பிரிக்கும்போது கணக்குல வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அதுக்கு ரசீது வேணும். எங்க வீட்டுல பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் பார்த்தோம்... மோட்டார் கேரன்டி கார்டு ஒண்ணுதான் விழுந்தது.