பொதுப் பெயர் எழுதுமுன் அளவுத்திட்டத்தைப் பாருங்கள்

நான்கு தொட்டிகளில் அவரை விதைத்து, நான்கு வகை உரமிட்டு, செடிகளின் உயரத்தை நாள்தோறும் அளக்கிறீர்கள் என்று கொள்வோம். முடிவுகளை ஒரே தாளில் நான்கு சிறு வரைபடங்களாக வரைகிறீர்கள். ஒவ்வொன்றிலும் கிடை அச்சில் ‘நாட்கள்’ என்றும் செங்குத்து அச்சில் ‘உயரம், செ.மீ.’ என்றும் எழுதினால் மொத்தம் எட்டுப் பெயர்கள். எழுத்து பெருகினால் கோட்டுக்கு இடமேது? தாளின் அடியில் ஒரு முறை, இடப்புறம் ஒரு முறை எழுதினால் போதும் என்பதே என் கருத்து. ஆனால் நான்கு படங்களுக்கும் அளவுத்திட்டம் ஒன்றாக இருக்க வேண்டும்.

கணிப்பொறியில் வரைபவர்கள் இந்த நிபந்தனையை எளிதில் மறந்துவிடுகிறார்கள். பைதான் மொழியில் வரைபடம் வரைய மேட்பிளாட்லிப் என்னும் நிரல் தொகுப்பு உள்ளது. வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துவந்த ஜான் ஹண்டர் இதை உருவாக்கி, 2003இல் வெளியிட்டார். பல கட்டங்களுக்கும் பொதுவாகப் பெயரிடும் ‘சுப்எக்ஸ்லேபிள்’, ‘சுப்ஒய்லேபிள்’ கட்டளைகள் 2021இல் வந்த 3.4ஆம் பதிப்பில்தான் சேர்ந்தன. அதுவரை எழுத்து விழவேண்டிய இடத்தை நாமே கணக்கிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

வசதியான கட்டளைதான். ஆயினும் அது எழுத்தை மட்டுமே பொறிக்கும், அளவுத்திட்டத்தைத் தொடாது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டமும் தன் எண்களுக்கேற்ப அச்சை அமைத்துக்கொள்ளும். 5 செ.மீ. வளர்ந்த சவலைச் செடியின் கோடும், 30 செ.மீ. வளர்ந்த செடியின் கோடும் கட்டத்தின் உச்சியைத் தொட்டு நிற்கும்! இடப்புறத்திலுள்ள ஒற்றைப் பெயரோ எல்லாம் ஒரே அளவு என்ற எண்ணத்தைத் தரும். கட்டங்களை அமைக்கும்போதே ‘ஷேர்எக்ஸ்’, ‘ஷேர்ஒய்’ என்று குறிப்பிட்டால் அளவும் பொதுவாகிவிடும்.

மருத்துவமனையில் எடுக்கும் இ.சி.ஜி. தாளைப் பாருங்கள். பன்னிரண்டு கோணங்களிலிருந்து பதிவான இதய மின்னலைகள் ஒரே தாளில் இருக்கும். அளவுக் குறிப்பு ஒன்றே: விநாடிக்கு 25 மி.மீ., மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. மார்பில் பதிவான இரு குறிப்பிட்ட அலைகளின் உயரமும் ஆழமும் சேர்ந்து 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால், இதயத்தின் இடக்கீழறைத் தசை தடித்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். அலைகள் மிக உயரமானால் மார்புப் பதிவுகளை மட்டும் பாதி அளவில் வரைவதுண்டு. அப்போது 40 மி.மீ. என்பது 20 மி.மீ. ஆகிவிடும். அதனால்தான் ஒரு மில்லிவோல்ட் எவ்வளவு உயரம் என்பதைக் காட்டும் சிறு செவ்வக அலையையும் தாளில் பதிக்கிறார்கள். அளவு மாறினால் அந்தச் செவ்வகமும் மாறும்.

பொது அளவுக்கும் ஓர் இடையூறு உண்டு. சவலைச் செடியின் கோடு தரையோடு படுத்துவிடும். அது எந்த நாளில் வளரத் தொடங்கியது என்பது தெரியாது. அதைத்தான் காட்ட வேண்டுமென்றால், அளவைத் தனித்தனியாக வையுங்கள். பெயரையும் எண்களையும் ஒவ்வொரு கட்டத்திலும் சலிக்காமல் எழுதுங்கள்.